கடையில் விற்கும் குங்கிலியம் எந்த மரத்துடையது?

19 டிசம்பர் 2021, காலை

கேட்கப்பட்ட கேள்வி: "மார்கழிப் பூசைக்கென்று நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வெள்ளைக் குங்கிலியம் வாங்கினேன். தணலில் போட்டால் கோயில் வாசம் வரவில்லை. புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டு வாசம் வருகிறது. குங்கிலிய மரமே அழிந்துவருகிறது, இனி அசல் சரக்குக் கிடைக்காது என்கிறார் என் மாமனார். கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரா?"

ஏமாற்றிவிட்டார். பெயின்ட் வாசம் வந்தால் அது பைன் மரப் பிசின். வயலின் வில்லுக்குத் தேய்ப்பார்களே, அதே கட்டிதான். விலையும் மலிவு, பார்வைக்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். சந்தேகமானால் கட்டியைப் பொடித்து இரண்டு குப்பிகளில் போடுங்கள். ஒன்றில் ஸ்பிரிட், மற்றதில் டர்பன்டைன் ஊற்றிக் குலுக்குங்கள். ஸ்பிரிட்டில் மிச்சமில்லாமல் கரைந்தால் பைன். குங்கிலியம் ஸ்பிரிட்டில் அரைகுறையாகக் கரைந்து வெள்ளையாக அடியில் படியும். டர்பன்டைனில் நன்றாகக் கரையும்.

மாமனார் சொன்னது சரிதான். குங்கிலியம் சால மரத்துப் பிசின். அந்த மரம் அழிந்துவருகிறது.

19 டிசம்பர் 2021, இரவு

காலையில் எழுதியதிலிருந்து அந்த வாசம் மூக்கை விட்டுப் போகவில்லை.

என் தாத்தா தூத்துக்குடியில் ஓடாவி. தோணி கட்டுவார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் பருத்திப் பஞ்சைத் திரியாகத் திரித்து வைத்து, முனை மழுங்கிய உளியால் அடித்து இறக்குவார்கள். கலப்பத்து அடிப்பது என்று அதற்குப் பெயர். அதன் மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். காய்ச்சுகிற நாளில் பிள்ளைகள் யாரையும் பக்கத்தில் விடமாட்டார். சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது. மணலைத்தான் அள்ளிப் போட வேண்டும். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு நாங்கள் போய், கீழே சிந்தி இறுகியதைப் பெயர்த்தெடுத்து மெல்லுவோம். பல்லில் அப்பிக்கொள்ளும், ருசி என்று ஒன்றும் கிடையாது. எதற்காக மென்றோம் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

அவருடைய தகரப் பெட்டியில் ஒரு கட்டி இன்னும் இருக்கிறது. கைமுட்டி அளவு, தேன் நிறம், மேலே மாவு பூத்தது போல் இருக்கும். அது நம் மலையிலிருந்து இறங்கிய அசல் சரக்கு. இப்போது விற்பதெல்லாம் குப்பை.

22 டிசம்பர் 2021

ராஞ்சியில் வேலை பார்க்கும் ஒருவர் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். அவர் வீட்டு மாடியில் நின்றால் கண்ணுக்கெட்டிய வரை சால மரம்தானாம். "அழிந்துவருகிறது என்று எழுதுமுன் ஒருமுறை ரயிலேறி வந்து பார்த்திருக்கலாமே" என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். சால மரம் அழியும் பட்டியலில் இல்லை. இமயத்து அடிவாரத்திலிருந்து ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் வரை காடு காடாக நிற்கிறது. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்காக வெள்ளைக்காரர் காலத்தில் வண்டி வண்டியாக வெட்டியும் தீரவில்லை. புத்தர் கண்மூடியது இரண்டு சால மரங்களுக்கு நடுவே என்பார்கள். அந்தப் பெருமையெல்லாம் அதற்கு உண்டு. ஆனால் தமிழ்நாட்டு மலைகளில் அது இயற்கையாக வளர்வதில்லை.

அப்படியானால் நம் ஊரில் குங்கிலியம் என்று பெயர் வாங்கியது எது? இரண்டு நாளாக இதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு மரமாக இருந்தால் எழுதிவிட்டுப் போயிருப்பேன். மேற்கு மலையில் ஒன்று: பயினி, வெள்ளைக் குங்கிலியம் தருவது, தாவரவியலில் வேட்டரியா இண்டிகா. அதே மலையில் கருங்குங்கிலியம் தருவது கனேரியம் என்ற வேறொரு மரம். அது முதல் மரத்துக்குச் சொந்தமே இல்லை, குந்திரிக்கத்துக்குத்தான் பங்காளி. கிழக்கு மலையில் இரண்டு, இரண்டுமே சாலத்தின் தங்கைகள். ஜவ்வாது மலைப் பக்கம் நிற்பது ஷோரியா ராக்ஸ்பர்கி. திருப்பதி, கடப்பை மலைகளில் தொடங்கி வேலூர், செங்கல்பட்டுப் பக்கம் வரை அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டிக்கொண்டிருப்பது ஷோரியா டும்புக்கையா. நான்கையும் நாம் குங்கிலியம் என்றே அழைத்திருக்கிறோம்.

மாமனார் சொன்ன "அழியும் மரம்" இவற்றில் கடைசியாக உள்ளதாக இருக்கலாம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் அது இல்லை.

22 டிசம்பர் 2021, பத்து நிமிடம் கழித்து

ஷோரியா என்ற பெயரைக் கேட்டுக் கிரேக்கமா லத்தீனா என்று யோசிக்க வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் சர் ஜான் ஷோர் இருந்தாரே, அவர் பெயர். வைத்தவர் ராக்ஸ்பர்க், கம்பெனியில் சம்பளம் வாங்கிய மருத்துவர். மேலதிகாரியைக் குளிர்விக்கும் கலை அப்போதே முதிர்ந்திருக்கிறது.

24 டிசம்பர் 2021

மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டதால்: சாம்பிராணி வேறு, அது சுமத்திராவிலிருந்தும் லாவோஸிலிருந்தும் வரும் மரத்துப் பால். குந்திரிக்கம் வேறு. மைசாட்சி வேறு, அது ராஜஸ்தான், குஜராத் வறண்ட காட்டு முள்மரத்துப் பிசின், வடமொழியில் குக்குலு. ஆனால் "குக்குலு", தெலுங்கின் "குக்கிலம்", நம் "குங்கிலியம்" மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். மரம் வேறானாலும் பெயர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல ஒலிக்கின்றன.

6 ஜனவரி 2022

சென்னைக்குப் போன வேலை முடிந்து மொத்தக் கடை ஒன்றில் நுழைந்தேன். குங்கிலியம் கேட்டேன். பையன் உள்ளே பார்த்து "டாமர் பட்டு ஒரு கிலோ" என்று குரல் கொடுத்தான். நான் பட்டுச் சேலையை நினைத்துக்கொண்டு, இந்தப் பளபளப்புக்குத்தான் பட்டு என்கிறார்கள் போல என்று கடைக்காரரிடமே வியந்து பேசிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அது மலாய்ச் சொல்லாம். பாத்து என்றால் கல். டாமர் பாத்து, கல் டாமர். டாமர் என்பதே மலாய்தான், பிசின் என்று பொருள். மண்ணில் விழுந்து கெட்டிப்பட்டுக் கிடப்பதைப் பொறுக்கி அனுப்புவதால் அந்தப் பெயர்.

ஆக நாட்டு மருந்துக் கடையில் "நாட்டு" குங்கிலியம் இந்தோனேசியா நாட்டுக் குங்கிலியம்.

7 ஜனவரி 2022

கேள்வி கேட்டவரிடம் ஒரு மன்னிப்பு. அவர் தம் கட்டியின் துண்டை எனக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். குப்பியில் போட்டுப் பார்த்தேன். ஸ்பிரிட்டில் முழுதாகக் கரையவில்லை. பால் போலக் கலங்கி, மறுநாள் காலையில் அடியில் ஒரு விரல் அளவு வெள்ளை வண்டல். டர்பன்டைனில் கரைந்தது, கொஞ்சம் மரத்தூளும் ஓர் எறும்பும் மட்டும் மிச்சம். அதாவது அது டாமர்தான். கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஏமாற்றிவிட்டார் என்று முதல் வரியிலேயே எழுதியவன் நான்.

பெயின்ட் வாசத்துக்கும் காரணம் இருக்கிறது. பெயின்ட், வார்னிஷ் செய்கிறவர்கள் இந்த டாமரைத்தான் கலக்கிறார்கள். அவருக்குப் பெயின்ட் வாசம் குங்கிலியத்தில் வரவில்லை, குங்கிலிய வாசம் பெயின்டில் வந்திருக்கிறது. அவர் வீட்டில் கோயில் வாசம் வராததற்கு இன்னொரு காரணம், கோயிலில் குங்கிலியத்தோடு சாம்பிராணியும் இன்னும் என்னென்னவோ தூளும் சேர்த்துப் போடுகிறார்கள்.

30 ஜனவரி 2022

குங்கிலியக் கலய நாயனாரை ஒருவர் ஞாபகப்படுத்தினார். பெரிய புராணத்தில் வருகிறவர், திருக்கடவூர்க்காரர், நாள்தோறும் கோயிலில் குங்கிலியத் தூபம் இடுவதே தொண்டு. வறுமை வந்து வீட்டில் பிள்ளைகள் பசித்திருக்க, மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கிவரச் சொல்கிறார். வழியில் ஒரு வணிகன் பொதி சுமந்து வருகிறான். என்ன பொதி என்று கேட்கிறார். குங்கிலியம். தாலியைக் கொடுத்துப் பொதியை வாங்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய்விடுகிறார்.

என் மனைவியிடம் இதைச் சொன்னேன். "நீங்கள் அந்த அளவுக்கெல்லாம் போகமாட்டீர்கள். நான் முதலில் கழற்றித் தரமாட்டேன்" என்றாள்.

சிறு வயதில் கேட்டபோது பக்தியைத்தான் பார்த்தேன். இப்போது என் கண் அந்தப் பொதியில் நிற்கிறது. சேக்கிழார் எழுதுவது 12ஆம் நூற்றாண்டு. அப்போதே குங்கிலியம் வணிகன் தலையில் வருகிற சரக்கு. ஒரு பொதிக்கு ஒரு தாலி என்றால் விலையும் கொஞ்சமில்லை. யாரும் மரத்தடிக்குப் போய்ச் சுரண்டி எடுத்துவரவில்லை. காவிரி ஓரத்தில் அந்த மரம் ஏது?

13 மார்ச் 2022

சுவாமிமலை. பஞ்சலோகச் சிலை வார்க்கும் பட்டறை ஒன்றில் அரை நாள் இருந்தேன். போனது வேறு வேலைக்கு. வாசலில் கால் வைத்ததும் தாத்தாவின் சட்டி வாசம்.

முதலில் மெழுகில் சிலை செய்கிறார்கள். அந்த மெழுகு வெறும் மெழுகு இல்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் சரிக்குச் சரி, அதில் கால் பங்கு கடலையெண்ணெய். பட்டறைக்குப் பட்டறை, பருவத்துக்குப் பருவம் கணக்கு மாறும். வெறும் தேன்மெழுகில் விரல் செய்தால் சித்திரை வெயிலில் தொய்ந்துவிடும், குங்கிலியம்தான் நிமிர்த்திப் பிடிக்கிறது என்றார் ஸ்தபதி. பேசிக்கொண்டே ஒரு சிறு கத்தியை விளக்கில் காட்டி, அம்மன் கைச் சுண்டுவிரலின் நகத்தை ஒரே இழுப்பில் எடுத்தார். மெழுகுச் சுருள் ஒன்று கீழே விழுந்தது. அதையும் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டார்.

பிறகு காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம். முடிந்த சிலையில் குங்கிலியம் துளியும் கிடையாது. எந்த மரத்துக் குங்கிலியம் என்று கேட்டேன். "கடைக் குங்கிலியம்" என்றார். வெள்ளைச் சாக்கில் இருந்தது. சாக்கில் எழுதியிருந்ததைப் படித்தேன்: டாமர் பாத்து.

2 மே 2022

பயினியைப் பற்றித் தனியாக எழுதுகிறேன் என்று சொல்லி மறந்துவிட்டேன்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறாரே, "பயினி வானி பல்லிணர்க் குரவம்" என்று ஓர் அடி வரும். அந்தப் பயினிதான் வெள்ளைக் குங்கிலிய மரம் என்று கொள்கிறார்கள். மலையாளத்தில் இன்றும் பயின். தமிழ் அகராதியில் "பயின்" என்று தேடிப் பாருங்கள், பிசின் என்று போட்டிருக்கும். மரக்கலத்துப் பலகைகளைச் சேர்க்கும் பசை என்றும் இருக்கும். தாத்தாவின் தொழிற்சொல் இரண்டாயிரம் ஆண்டு ஏட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் திமிர் வந்தது எனக்கு.

மரம் 40 மீட்டர் உயரம் கூட வளரும். வெள்ளைப் பூ, நல்ல மணம். பட்டையைக் கீறினால் கண்ணாடி போலப் பிசின் வடியும். விதையிலிருந்து எடுக்கும் கொழுப்பில் மெழுகுவத்தி வார்த்திருக்கிறார்கள், சோப்புக்கும் போயிருக்கிறது. கன்னடத்தில் தூபத மரம். கர்நாடகத்தில் தொடங்கிக் கேரளம் வழியாகத் தெற்கே வரும் மேற்கு மலைத் தொடரை விட்டால் இயற்கையாக வேறெங்கும் கிடையாது. அதற்கு எமனாக வந்தது பிளைவுட். நேரான, முடிச்சில்லாத, மென்மையாக உரியும் மரம், தகடு சீவ இதைவிட வாகானது எது? தேயிலைப் பெட்டியாகவும் போனது. இன்று அது அழிவை நோக்கிப் போகும் மரங்களில் ஒன்று.

கருங்குங்கிலியத்தின் கதையும் இப்படித்தான், வழி மட்டும் வேறு. மரத்தைக் கீறிவிட்டு அடியில் விறகு மூட்டி வாட்டுவது பழைய வழக்கம். காயம்பட்ட மரம் அழுது வடிப்பதைப் பிறகு வந்து எடுத்துக்கொள்வார்கள். மலைமக்கள் எல்லாரும் இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தானாக வடிந்ததை மட்டும் எடுக்கும் பழக்கமும் உண்டு.

2 மே 2022, பின்னிரவு

ஒரு விஷயம் உறுத்துகிறது. பயினி குறைந்தபோது ஏன் ஒருவரும் "குங்கிலியம் கிடைக்கவில்லை" என்று கூச்சல் போடவில்லை? கிடைத்துக்கொண்டே இருந்தது, அதனால்தான். பெயர் அப்படியே இருக்க, உள்ளே மரம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இட்லி அரிசி எந்த வயலுடையது என்று நாம் கேட்கிறோமா, அது மாதிரி. சந்தனம் குறைந்தால் நமக்குத் தெரிந்துவிடும், விலையில் தெரியும், செய்தித்தாளில் கடத்தல் செய்தியாகத் தெரியும். குங்கிலியத்துக்கு அந்தக் கவனம் வாய்க்கவில்லை. கடத்துவதற்குக்கூட ஆள் இல்லாத மரம்.

19 ஜூன் 2022

மேலே 19 டிசம்பர் இரவில் எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், கிடக்கட்டும். இங்கே திருத்திக்கொள்கிறேன்.

தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். தாத்தாவின் கட்டியில் ஒரு சிறு மூலையைத் தட்டி எடுத்ததற்கு அம்மா ஒரு வேளை பேசவில்லை. தணலில் போட்டேன், குப்பியிலும் போட்டேன். புகை, வாசம், அடி வண்டல், எல்லாம் கடைச் சரக்கு மாதிரியே. பழசாகி நிறம் தேன் போல முதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சித்தப்பாவுக்கு வயது 81, கண் மங்கல், மூக்கு மங்கவில்லை. முகர்ந்துவிட்டு, "சிங்கப்பூர்ச் சரக்கு" என்றார். நம் மலைச் சரக்கு இல்லையா என்றேன். சிரித்தார். "மலைச் சரக்குப் பூசைக்கு வரும், அரைப் படி, ஒரு படி. ஒரு தோணிக்கு மூட்டைக் கணக்கில் வேண்டும். அது எப்போதும் கப்பலில்தான் வந்தது."

அசல் சரக்கு, நம் மலை, இப்போது விற்பதெல்லாம் குப்பை என்று எழுதிய அதே வாயால் இதையும் சொல்கிறேன்.

20 ஜூன் 2022

சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூரில் விளைந்தது என்று பொருளில்லை, அது கைமாறும் இடம். விளைவது சுமத்திரா, போர்னியோ. சுமத்திராவின் தென்மேற்குக் கரையில் குருயி என்று ஓர் ஊர். அங்கே காட்டு டாமர் மரங்கள் தீர்ந்துபோன பிறகு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர்க்காரர்களே விதையை எடுத்து வந்து வயலில் நட்டார்கள். நெல்லோடு நட்டு, பிறகு காப்பி, மிளகு, இவற்றின் நடுவே வளர்த்து, கடைசியில் அதுவே காடாகிவிட்டது. அடிமரத்தில் முக்கோணக் குழியாகக் கொத்தி, பிரம்பு வாரை இடுப்பில் கட்டி ஏறி, சில வாரத்துக்கொருமுறை குழியில் இறுகியதைச் சுரண்டி எடுக்கிறார்கள். நட்ட மரம் பலன் தர இருபது வருடத்துக்கு மேல் ஆகும். அங்கே உயர்ந்த ரகத்துக்குப் பெயர் "பூனைக்கண்".

நம் ஆட்கள் அந்தக் கரைக்குப் புதியவர்கள் இல்லை. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. பாருஸ் கற்பூரத்துக்குப் பேர்போன ஊர். அந்தக் கற்பூரம் தரும் மரம் யார் என்று பார்த்தால், பயினிக்கும் சாலத்துக்கும் ஒரே குடும்பம். கலயனார் எதிரே வந்த வணிகனின் பொதி எந்தக் கரையில் கட்டியதோ என்று எனக்கு ஆசை பிறக்கிறது. ஆதாரம் கிடையாது, ஆசைதான்.

21 ஜூன் 2022

இல்லை, ஐந்நூற்றுவரைக் கொண்டுவந்து கலயனார் வாசலில் நிறுத்தியது அதிகப்பிரசங்கம். திருக்கடவூருக்கு ஜவ்வாது மலையிலிருந்தும் பொதி வரலாம், கொல்லத்திலிருந்தும் வரலாம். விடுகிறேன்.

11 பிப்ரவரி 2023

டும்புக்கையாவைப் பார்த்துவிட்டேன்.

சேஷாசல மலை. கூட வந்த உள்ளூர்க்காரர் செஞ்சந்தன மரங்களைக் காட்டிக்கொண்டே வந்தார். எல்லாருக்கும் அதுதான் வேண்டும். குக்கிலம் மரம் இருக்கிறதா என்று கேட்டதும் நின்றுவிட்டார். அரை மணி நேரம் ஏற்றம். பாறைச் சரிவில் தனியாக ஒன்று. நான் எதிர்பார்த்த பிரம்மாண்டம் இல்லை. பட்டை தடித்து, நீள நீளமாக வெடித்து, தார் ரோடு வெயிலில் பிளந்தது போல இருந்தது. ஒரு வெடிப்பில் பிசின் வடிந்து கறுத்து இறுகியிருந்தது, பட்டாணி அளவு. தொடவில்லை. காப்புக்காட்டில் அதை எடுப்பது குற்றம். தொட்டிருந்தால் எடுத்திருப்பேன்.

குழந்தைக்குக் காதுவலி என்றால் இலைச்சாறு விடுவார்களாம். வீடு கட்ட உத்தரத்துக்கு வெட்டியிருக்கிறார்கள், கோயில் கொடிமரத்துக்கும் போயிருக்கிறது. கொடிமரத்துக்கு எது போகும்? இருப்பதில் மிக நேரானது, மிக உயரமானது. காட்டின் நல்ல விதை மரங்களை ஒவ்வொன்றாகக் கோயில் வாசலுக்கு அனுப்பிவிட்டோம். பிசின் தூபமாகவும் போனது, கப்பலுக்குப் பூசவும் போனது. தப்பிக்க வாய்ப்பே இல்லாமல் தலை முதல் கால் வரை உபயோகப்பட்டிருக்கிறது பாவம்.

இறங்கும்போது அவர் கேட்டார், இதை என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று. ஒரு விலையும் இல்லை என்றேன். நிம்மதியாகச் சிரித்தார்.

18 பிப்ரவரி 2023

இதற்கும் மேலே உள்ளதற்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும். நான் குடியிருப்பது விழுப்புரத்தில். திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு விருந்தாளி வந்தால் அழைத்துப் போவது வழக்கம். செம்மண்ணில் மரக்கட்டை கிடப்பது போலத் தோன்றும். காலால் தட்டினால் கல். 1781லேயே ஒரு வெள்ளைக்காரர் எழுதிவைத்துவிட்டார். சுமார் 2 கோடி ஆண்டுப் பழசு. தென் ஆர்க்காட்டுப் பகுதிக் கல்மரங்களை அறுத்து ஆராய்ந்தவர்கள், ஷோரியாவின் கட்டையை ஒத்தவற்றுக்கு ஷோரியாக்சிலான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று ஷோரியாக்சிலான் ஆர்க்காட்டென்ஸ். ஆர்க்காட்டுக்காரர்! எத்தனை தடவை போயிருக்கிறேன், விருந்தாளிக்கு இளநீர் வாங்கிக்கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

குஜராத்தில் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் இதே குடும்பத்துப் பிசின் அம்பராக இறுகிக் கிடைத்திருக்கிறது, 5 கோடி ஆண்டுக்கு முந்தையது, உள்ளே சிறு பூச்சிகளும் எறும்பும் அப்படியே. கேள்வி கேட்டவரின் கட்டியிலும் ஓர் எறும்பு இருந்தது என்று எழுதியிருந்தேனே, அதைக் குப்பியோடு எடுத்துவைத்திருக்கிறேன்.

19 பிப்ரவரி 2023

இளநீர் என்றதும் ஞாபகம் வந்தது. சித்த மருத்துவத்தில் குங்கிலியத்தை இளநீரில் சுத்தி செய்து பற்பம் ஆக்குகிறார்கள், நீர்க்கடுப்புக்கு. குங்கிலிய வெண்ணெய் என்று மேல் பூச்சும் உண்டு. மருந்துக்கு வேண்டுவோர் மருத்துவரிடம் போங்கள். நான் தோணிக்காரன் பேரன், கட்டியை மென்றுவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

4 ஜூன் 2023

ஒரு நண்பர் வேலை செய்யும் வளாகத்தில் ராக்ஸ்பர்கி மரம் ஒன்று நட்டு வளர்த்திருக்கிறார்கள். விதை உதிர்கிறது, வேண்டுமா என்றார். கூரியரில் வந்து சேர ஒன்பது நாள். ஒவ்வொரு விதைக்கும் மூன்று நீளச் சிறகு, இரண்டு குட்டைச் சிறகு. மாடியிலிருந்து போட்டால் பம்பரம் போலச் சுழன்று இறங்குகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாதியைப் பறக்கவிட்டே தீர்த்துவிட்டார்கள். மீதியை நட்டேன்.

2 ஜூலை 2023

ஒன்றும் முளைக்கவில்லை. இந்தக் குடும்பத்து விதைக்கு ஆயுள் சில நாள்தானாம். காய்ந்தால் உயிர் போய்விடும், நெல்லைப் போல் குதிரில் போட்டு வைக்க முடியாது. மழை பிடிக்கும் நேரம் பார்த்து உதிர்ந்து, விழுந்த ஈரத்திலேயே முளைக்க வேண்டும். மழை பத்து நாள் தள்ளிப்போனால் அந்த வருடத்துப் பிள்ளைகள் அத்தனையும் போச்சு. பிள்ளைகள் பறக்கவிட்டதைத் திட்டியிருந்தேன். அவர்கள் பறக்கவிட்டதும் பிணம், நான் நட்டதும் பிணம்.

16 ஜூன் 2024

இந்த முறை நானே பஸ்ஸில் போனேன். காலையில் உதிர்ந்ததில் பூச்சி அரிக்காத 12 விதைகளைப் பொறுக்கி, சிறகை ஒடித்து, ஈரத் துணியில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து அன்றிரவே ஊர் திரும்பினேன். பக்கத்து சீட்டுக்காரர் பணியாரமா என்று கேட்டார்.

7 ஜூலை 2024

ஐந்து முளைத்தன.

25 ஆகஸ்ட் 2024

இரண்டு அழுகிவிட்டன, தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டேன். ஒன்றை ஆடு தின்றது. மிச்சம் இரண்டு. ஒன்றுக்கு நான்கு இலை, மற்றதற்கு மூன்றும் ஒரு கொழுந்தும். இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தேன், குங்கிலிய வாசம் ஒன்றும் இல்லை. சித்தப்பாவுக்கு போனில் சொன்னேன். "எத்தனை வருடத்தில் பிசின் வரும்?" என்றார். கணக்குப் பார்த்தால் எனக்கே எண்பதை நெருங்கியிருக்கும். அதைச் சொல்லவில்லை.

முதல் கேள்வி கேட்டவருக்கு: ஏமாற்றிவிட்டார் என்று நான் எழுதிய அந்தக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டீர்களா, இல்லையா? மூன்று வருடமாக அதை மட்டும் நீங்கள் எழுதவே இல்லை.